செவ்வாய், வியாழன், சனி

என் கோபம் அறுபத்தாறாவது வயதில் என்னை விட்டுப் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். மொரப்பூர் போகிற சாலையில் எங்கள் ஊருக்குப் பிரிகிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தால் யாராவது அகப்படுவார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை, வரப்பில் தகராறு என்று எவனாவது வாயைத் திறந்தால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன்.

"வயசாவ வயசாவ விட்டுக்குடுக்கக் கத்துக்கணும்ப்பா. என்னப் பாரு. ரெண்டு வருசமா எங்க கெணத்துமேட்டுல ஒரு சத்தம் கேட்டிருக்கியா?"

யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கையிலிருக்கிற கிளாசைப் பார்ப்பார்கள், சாலையில் போகிற லாரியைப் பார்ப்பார்கள். கடைக்காரர் சுத்தமாக இருக்கிற மேசையை இன்னொரு தடவை துடைப்பார். என் பேச்சில் இருக்கிற உண்மைதான் அவர்களை வாயடைக்க வைக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் இன்னொரு டீ சொல்வேன். இதை எழுதும்போது காது சூடாகிறது.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அப்பா எனக்கும் என் தம்பிக்கும் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒரு கரண்ட் சர்வீஸ். அதனால் கிழமைகளைப் பிரித்தார். திங்கள், புதன், வெள்ளி பெரியவனுக்கு. செவ்வாய், வியாழன், சனி சின்னவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை யாரும் கை வைக்கக் கூடாது, கிணறு ஊறட்டும். இதற்கு எங்கள் பக்கத்தில் முறை என்று பேர். கோடையில் மூன்று மணி நேரம் மோட்டார் ஓடினால் அடிப்பாறை தெரிந்துவிடும். மறுபடியும் அந்த அளவு ஊறுவதற்கு மறுநாள் காலை ஆகும். ஒருவன் முறையில் இன்னொருவன் ஓட்டிவிட்டால் அன்றைய தண்ணீர் போனது போனதுதான், அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

நான் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகாத வேலை. அந்தக் கண்டிப்பை வீட்டுக்கும் கொண்டுவந்தேன், காட்டுக்கும் கொண்டுபோனேன். ஒரு வருடம் என் தம்பி அவனுடைய கேழ்வரகு காய்கிறது என்று என் கிழமையில் அரை மணி நேரம் மோட்டாரை ஓட்டிவிட்டான். அரை மணிதான். நான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டேன். அவன் நாலு கிலோமீட்டர் நடந்து கேட்டுக்கே வந்தான். "அண்ணா, குடுத்துருண்ணா, பயிரு போயிரும்" என்று கைகட்டி நின்றான். ரயில் போகட்டும் என்றேன். ரயில் போன பிறகும் நான் கொடுக்கவில்லை. மறுநாள் என் மனைவி என் சட்டையைத் துவைக்க எடுக்கிற சாக்கில் அதை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு என் கிழமையில் தம்பி மோட்டார் ரூம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவன் மனைவியும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தம்பி போய் ஐந்து வருடம் ஆகிறது. நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டதால் அவன் மனைவி தனியாக இருக்கிறாள். அவர்கள் பங்கு நிலத்தை அவளே பார்த்துக்கொள்கிறாள். அவள் வீடும் என் வீடும் ஒரே வாசலில் அடுத்தடுத்து இருக்கின்றன.

அவள் என்னிடம் நேராகப் பேச மாட்டாள். சண்டை எதுவும் இல்லை, வழக்கம் அப்படி. புருஷனுடைய அண்ணன் எதிரில் நிற்பதும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் எங்கள் சனங்களில் கூடாது. கல்யாணம் ஆகி வந்த முப்பத்து மூன்று வருடத்தில் அவள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாம் என் மனைவி வழியாகத்தான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் கதவுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்று, "அக்கா, நாளைக்கி மோட்டார் ரிப்பேருக்கு ஆளு வருதாம், மாமாவ வூட்ல இருக்கச் சொல்லுங்க" என்பாள். எனக்கு நன்றாகவே காது கேட்கும். இருந்தாலும் என் மனைவி என் பக்கம் திரும்பி அதையே இன்னொரு தடவை சொல்வாள். "சரின்னு சொல்லு" என்பேன். "சரிங்கறாரு" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வாள். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற என் மகன் வரும்போதெல்லாம் இதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மனைவி இறந்தபோது, இனிமேல் இவருக்கு யார் சோறாக்கிப் போடுவார்கள் என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வாய் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சோற்றுக் கவலை பத்தே நாளில் தீர்ந்தது. தம்பி மனைவி தினமும் மதியம் குழம்பும் சோறும் கொண்டுவந்து என் வீட்டு வாசற்படியில் வைப்பாள். வைத்துவிட்டு என் மாட்டைப் பார்த்து, "சூடா இருக்கு, இப்பவே சாப்பிட்டுரணும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். எங்கள் மாட்டுக்கு அந்த இரண்டு வருடத்தில் அவள் சொல்லாத நல்ல வார்த்தை இல்லை. நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் மாட்டிடம் சொல்ல முடிகிற விஷயம் எது, சொல்ல முடியாத விஷயம் எது என்று நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு மணி தவறாது. இன்றும் தண்டவாளப் பக்கமிருந்து சத்தம் வந்தால் மணி என்ன என்று சரியாகச் சொல்லிவிடுவேன். கிழமைதான் கையை விட்டுப் போனது. வேலையில் இருந்தபோது ரெஸ்ட் நாள் என்று ஒன்று இருந்தது, மற்ற நாட்களெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் வரிசையாக நின்றன. அப்புறம் என் மனைவி இருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு விளக்கேற்றுவாள். சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் திணிப்பாள். அவள் போன பிறகு கேபிளையும் நிறுத்திவிட்டேன். செல்போனில் கிழமை போட்டிருக்கிறதாம், அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடாது. டீக்கடைக்குச் சாயங்காலம் போகிறபோது அன்றைய பேப்பர் கிழிந்து வடை மடிக்கப் போயிருக்கும். மிஞ்சியது சுவரில் மாட்டியிருக்கிற தினக் காலண்டர். காலையில் எழுந்து முகம் கழுவினதும் தாளைக் கிழிப்பேன். அதில் இருக்கிற கிழமைதான் எனக்குக் கிழமை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவேன். ஐந்து மணிக்கு விழித்துப் பார்த்தால் சன்னலில் இளமஞ்சள் வெளிச்சம், வெளியே மாடு கத்துகிற சத்தம். விடிந்துவிட்டது என்று எழுந்து முகம் கழுவித் தாளைக் கிழித்துவிடுவேன். சற்று நேரத்தில் அது சாயங்காலம் என்று தெரிந்துவிடும், டீக்கடைக்குக் கிளம்பிவிடுவேன். தாளைக் கிழித்தது மட்டும் நினைவில் நிற்காது. அப்போது இது எதுவும் எனக்குத் தெரியாது. பிற்பாடு உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தேன். காலண்டர் ஒரு நாள் முன்னால் ஓடியிருப்பது எப்போதாவது யார் பேச்சிலாவது தெரியவந்தால், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் கிழிக்காமல் விட்டுவிடுவேன். அவ்வளவு சுலபமாகச் சரிக்கட்டிக்கொண்டேன்.

இந்த வருடம் வைகாசியில் அவள் அரை ஏக்கரில் சாமந்தி நட்டாள். ஆயுதபூஜைக்குப் பூ வரவேண்டும் என்று கணக்காக நட்ட நாற்று. அவள் கையில் இருந்த ஒரே பயிர் அதுதான். நான் என் பங்கில் தக்காளி வைத்தேன். என் தக்காளி நன்றாகப் பிடித்துக் கிளைவிட்டது. அவள் சாமந்தி தலை தொங்கி நின்றது. நடுப்பாத்திகளில் பழுப்பு ஏறியது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம். பொம்பளை, தண்ணீர் கட்டத் தெரியவில்லை, மோட்டாரைப் போட்டுவிட்டு எங்காவது பேசிக்கொண்டு நின்றுவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். படி வரைக்கும் தண்ணீர் நின்றது. என் காலண்டரில் அன்று வியாழன், அவள் முறை. மணி எட்டாகியும் மோட்டார் சத்தம் இல்லை. அவள் சாமந்தியில் குனிந்து களைக்கொத்தால் கிளறிக்கொண்டிருந்தாள். நான் மாட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"முறைய உட்டுட்டு மண்ணக் கெளறிக்கினு இருந்தா செடி எப்பிடி வரும்? கெணத்துல தண்ணி சும்மா நிக்குது!"

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு இன்னும் கீழே குனிந்தாள். பழைய நானாக இருந்தால் கரையில் நின்று கால் மணி நேரம் கத்தியிருப்பேன். இப்போது இரண்டே வாக்கியம். எப்படிப் பக்குவப்பட்டுவிட்டேன் பார் என்று அன்று சாயங்காலம் எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

அதற்கு அடுத்த வாரம் மாட்டுக்குக் கயிறு வாங்கச் சந்தைக்குப் போனேன். பக்கத்து ஊரில் புதன்கிழமை சந்தை. புதன் என் முறையும் ஆனதால் காலை ஆறு மணிக்கே மோட்டாரைப் போட்டு, ஒன்பது மணிக்குக் கிணறு வற்றினதும் நிறுத்திவிட்டு பஸ் ஏறினேன். இறங்கிப் பார்த்தால் சந்தை மைதானம் காலியாகக் கிடந்தது. இரண்டு ஆடுகள் வாழைச்சருகைத் தின்றுகொண்டிருந்தன. எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறவரிடம், "ஏங்க, சந்தைய வேற எடத்துக்கு மாத்திட்டாங்களா?" என்று கேட்டேன்.

"சந்தை நாளைக்கிதாங்க. இன்னிக்கி செவ்வாக்கெழமை."

"செவ்வாக்கெழமையா? ஏம்ப்பா, தெளிவாத்தான் இருக்கியா?" என்று கேட்டேன். சண்டைக்கே போய்விட்டேன். அவர் கோபப்படவில்லை. கையில் இருந்த கிரீசைத் துணியில் துடைத்துவிட்டு செல்போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு டயர் மேல் போட்டிருந்த பலகையைக் காட்டி, "உக்காருங்க பெரியவரே, தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். அவர் குரலில் அத்தனை கனிவு. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டார்களா என்று முதலில் சுற்றிலும் பார்த்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அடுத்தது உறைத்தது. இன்று செவ்வாய் என்றால் காலையில் நான் ஓட்டியது யாருடைய முறை? நேற்றும் நான் ஓட்டினேனே. நேற்று திங்கள், அது சரி. அப்படியானால் அடுத்தடுத்து இரண்டு நாள் தண்ணீரும் என் தக்காளிக்கே போயிருக்கிறது. நாளை புதன், என் கணக்கில் அது வியாழன், நான் கை வைக்க மாட்டேன். அவளும் வைக்க மாட்டாள், ஏனென்றால் அது என் கிழமை, ஃபியூஸ் கட்டையோடு நான் டியூட்டிக்குப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். தண்ணீர் சும்மா நிற்கும். போன வாரம் நான் எட்டிப் பார்த்துவிட்டு அவளைத் திட்டியது எந்தக் கிழமையில்? எத்தனை வாரமாக இப்படி நடக்கிறது? பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

நேராகக் காட்டுக்குப் போனேன். அவள் தெருக்கோடி மினிடேங்கிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து கொண்டுவந்து சாமந்திக்குச் சொம்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு செடிக்கு அரைச் சொம்பு. அரை ஏக்கர் செடி. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. புடவை முட்டி வரை நனைந்து சேறாகி இருந்தது. என் பங்கில் தக்காளிப் பாத்தியில் இன்னும் தண்ணீர் தேங்கி நின்றது.

ஒரு நல்ல மனுஷனாக இருந்தால் அங்கே என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் கத்தினேன்.

"இன்னிக்கி செவ்வாக்கெழமன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

அவள் திரும்பவில்லை. சொம்பு கையில் அப்படியே நின்றது. பிறகு செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யாருகிட்ட சொல்றது? அக்கா இருந்தா சொல்லியிருப்பேன்."

நான் நின்றேன். அவள் இன்னொரு செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"பையங்கிட்டதான் போன்ல சொன்னேன். அப்பாவுக்கு ஞாபகம் தப்புது சின்னம்மா, ஒண்ணும் கேக்காதீங்க, உட்டுடுங்கன்னான். உட்டுட்டேன்."

அதையும் அவள் செடியிடம்தான் சொன்னாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மினிடேங்கைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து மகனுக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் கூப்பிட்டதில்லை என்பதால் அவன் பதறிப்போய் எடுத்தான். சின்னம்மா சொன்னது நிஜமா என்று நான் கேட்டதும் பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

"நீங்க டென்ஷன் ஆவாதீங்கப்பா" என்றான்.

"எப்பலேருந்துடா தெரியும்?"

"ஒரு வருசம் இருக்கும்ப்பா. நேர்ல வரும்போது சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"மூணு தடவ வந்தியே."

"வந்தப்பல்லாம் நீங்க நல்லா இருந்தீங்கப்பா" என்றான். சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி அவன் அத்தனை மெதுவாகப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. டீக்கடையில் இருக்கிறவர்களுக்கும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான்.

கிளாசைப் பார்த்தவர்கள், லாரியைப் பார்த்தவர்கள், மேசையைத் துடைத்தவர் எல்லாரும் என் கண்முன் வந்து நின்றார்கள். கிணற்றுமேட்டில் இரண்டு வருடமாகச் சத்தம் இல்லாததற்கு நான் பக்குவப்பட்டது காரணமில்லை. கிழவனுக்குப் புத்தி தடுமாறுகிறது, போனால் போகட்டும் என்று எல்லாருமாகச் சேர்ந்து எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதற்கான தண்ணீரை ஒருத்தி மட்டும் குடத்தில் சுமந்திருக்கிறாள். நான் டீ குடித்துக்கொண்டு அவர்களுக்கே புத்தி சொல்லியிருக்கிறேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. அதற்கப்புறம் நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். மறுநாள் தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். திங்கள், திங்கள் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவரும் கிழமையைக் கேட்டார், நான் டாணென்று சொன்னேன். பிறகு மூன்று பொருளின் பேரைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேறு என்னென்னவோ கேட்டுவிட்டு அந்த மூன்றையும் திருப்பிக் கேட்டார். சாவி, எலுமிச்சம்பழம். மூன்றாவது வரவில்லை. இன்றுவரை வரவில்லை. டாக்டர் என் மகனைப் பார்த்து, "இப்போதைக்கு உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது, மாத்திரை குடுங்க, ஆறு மாசம் கழிச்சி அவரைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க" என்றார். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். கேள்வி எல்லாம் என்னிடம் கேட்டார், பதில் மட்டும் என் மகனிடம் சொன்னார்.

வழியில் மகன் ஏதேதோ திட்டம் சொன்னான். ஓசூருக்கே வந்துவிடுங்கள் என்றான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றான். செல்போனே கிழமையைச் சொல்கிற மாதிரி செய்து தருகிறேன் என்றான். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. எனக்குக் கிழமை தெரிவதும் தெரியாததும் இனிமேல் என் கையில் இல்லை, அது எந்த மெஷினாலும் ஆகப்போவதில்லை. அவளுக்கு வாய் இருக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம் என்று எனக்குப் பட்டது. வீடு வந்து சேர்ந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் வாசலில் போய் நின்றேன். முப்பத்து மூன்று வருடத்தில் அப்படி நான் போய் நின்றதில்லை. அவள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு என் மகனிடம், "என்னாவாம்?" என்று கேட்டாள்.

"அவங்கிட்ட கேக்காத. எங்கிட்ட கேளு" என்றேன்.

கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது.

"உன் முறை அன்னிக்கி நான் மோட்டார் ரூமுக்கு வந்தேன்னா, எம் மூஞ்சியப் பாத்து, இன்னிக்கி உங்க முறை இல்லன்னு நீ சொல்லணும். நான் கத்துவேன். கத்தினாலும் சொல்லணும்."

"அது எப்பிடி முடியும்? ஊரு என்னா பேசும்?" என்று கதவு சொன்னது.

"இத்தன நாளா உஞ் செடி காயறப்ப ஊரு என்னா பேசிச்சி?"

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லிப் பழகவில்லை, தம்பியிடமும் சொன்னதில்லை. "உஞ் செடி போச்சே" என்றேன். அவ்வளவுதான் வந்தது. கதவுக்குப் பின்னால் அவள் அழுகிற சத்தம் கேட்டது. என் மகன் என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

சாமந்தியில் பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சத்தை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மகன் ஓசூருக்குத் திரும்பிப் போனான். மதியச் சோறு எப்போதும் போல வாசற்படிக்கு வந்தது, மாட்டிடம் சொல்கிற வார்த்தையும் வந்தது. நான் மதியம் படுப்பதைக் குறைத்துக்கொண்டேன். மூன்று வாரம் எதுவும் தப்பாகவில்லை. தப்பாகவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு அது வெள்ளிக்கிழமைதான். விடிந்ததும் தாளை ஒரே ஒரு தடவை கிழித்தேன், கிழித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முந்தின நாள் அவள் மோட்டார் ஓட்டிய சத்தத்தைக் காதால் கேட்டேன், அதனால் முந்தின நாள் வியாழன். இத்தனை சாட்சியோடு ஆறு மணிக்கு மோட்டார் ரூமுக்குப் போனேன். அவள் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஒதுங்குவாள் என்று நினைத்து நான் சற்று நின்றேன். அவள் ஒதுங்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள், தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்கள் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இமையோரம் சுருங்கி, களைத்துப்போய், வயசாகிவிட்ட கண்கள்.

"இன்னிக்கி உங்க முறை இல்லீங்க மாமா" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பழைய கோபம் ஒரு துளி குறையாமல் அப்படியே இருந்தது, எங்கேயும் போயிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை, என் முறை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பையில் தாள் இருக்கிறது, எடுத்துக் காட்டலாம். மகனுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். சாலையில் பால் கேனோடு போகிற யாரையாவது நிறுத்திக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மோட்டார் ஓடிய சத்தத்தை நான் கேட்டது நேற்றா, முந்தாநாளா என்று மட்டும் அப்போது ஒரு நொடி தடுமாறியது. அவள் தப்பாகச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேகூடச் சொல்லியிருக்கலாம், அவளுக்கு அதற்கு நியாயம் இருக்கிறது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"சரி" என்றேன். அவளிடமே சொன்னேன். திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தேன். பாதி வழி வந்தபோது பின்னால் மோட்டார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அன்று வியாழனா வெள்ளியா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.